பெரிய பிலிமுக்கு ஒரு சின்னக் கூட்டம்

நம் கல்லூரி மெயின் பிளாக் தாழ்வாரத்தில் வரிசையாக மாட்டியிருக்கும் பழைய குரூப் போட்டோக்களைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. ரீயூனியனுக்கு வரும் சீனியர்கள் காபி குடிக்கப் போவதற்கு முன்பே அங்கே போய் நின்றுவிடுகிறார்கள். "மூணாவது வரிசை, இடமிருந்து ஆறாவது, பாரு, அது நான்தான்" என்று பேரப்பிள்ளையிடம் காட்டுகிறார்கள். அந்தப் படங்களில் ஒரு விசேஷம் உண்டு. நூறு பேருக்கு மேல் நிற்பார்கள். ஆனாலும் கடைசி வரிசையில் நிற்பவரின் சட்டைப்பையில் குத்தியிருக்கும் பேனாவின் கிளிப் வரை தெரியும். பிற்காலத்துக் கலர் போட்டோக்களில் அப்படித் தெரியாது. 2011-இல் வெளியே வந்த எங்கள் பேட்ச் படமோ டிஜிட்டல். பெரிதாக்கிப் பார்த்தால் என் நண்பர்கள் எல்லோரும் சதுரம் சதுரமாகிவிடுகிறார்கள்!

காரணம் ரொம்ப எளியது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் தூக்கி வந்த ஸ்டாண்ட் காமிராவில் நெகட்டிவே கையகலத்துக்கு இருக்கும். ஃபுல் பிளேட் என்றால் 6½ × 8½ அங்குலம். அந்த நெகட்டிவைப் போட்டோ காகிதத்தின் மேல் அப்படியே வைத்து வெளிச்சம் காட்டி எடுப்பதுதான் காண்டாக்ட் பிரிண்ட். பெரிதாக்குகிற வேலையே கிடையாது. அதனால் கலங்குவதற்கும் எதுவும் இல்லை. 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு சட்டத்தோடு ஒப்பிட்டால் 8 × 10 அங்குல நெகட்டிவின் பரப்பு அறுபது மடங்கு. 12 × 20 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 180 மடங்கு.

மலர்க் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் "அண்ணா, உங்க வேலையைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். என் வேலை வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு. அதைப் பற்றி எழுதினால் அச்சகத்துக்காரரே தூங்கிவிடுவார். ஆனால் என் வேலையில் தினம் பத்துத் தடவை காதில் விழும் ஒரு வார்த்தை உண்டு: எம்.ஓ.க்யூ. குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கினால்தான் செய்து தருவோம் என்று சப்ளையர் போடும் கணக்கு. அந்த ஒரு வார்த்தைக்கும் இந்தப் பெரிய நெகட்டிவுக்கும் இருபது வருஷமாக நடந்துவரும் இழுபறிதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பழங்கதை. பெரிய நெகட்டிவ் எடுக்க வேண்டும் என்ற ஆசை போட்டோ கலையின் ஆரம்பத்திலிருந்தே உண்டு. நம் ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். லின்னேயஸ் டிரைப் என்ற கும்பினிப் படை அதிகாரியை 1856-இல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமித்தார்கள். அவர் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் திருவரங்கத்துக்கும் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். மெழுகு ஏற்றிய காகிதத்தில் ஏறக்குறைய 12 × 15 அங்குல நெகட்டிவ்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ராஜா தீன் தயாள் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிஜாமின் அரண்மனைப் போட்டோகிராபர். அவர் நம்ம ஜாதி, அதாவது என்ஜினீயரிங் ஜாதி! ரூர்க்கியில் தாம்சன் சிவில் என்ஜினீயரிங் கல்லூரியில் படித்துவிட்டு 1866-இல் இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். கண்ணாடிப் பிளேட்டில் அவர் எடுத்த கோட்டைகளும் மாளிகைகளும் இன்றும் கல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருக்கின்றன.

அமெரிக்காவில் இது கொஞ்சம் பைத்தியக்கார எல்லைக்கே போனது. சிகாகோவைச் சேர்ந்த ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் 1900-இல் ஒரு ரயிலை முழுசாக ஒரே படத்தில் எடுப்பதற்காக 8 அடிக்கு 4½ அடி பிளேட் பிடிக்கும் காமிரா ஒன்றைச் செய்தார். காமிராவும் பிளேட் ஹோல்டருமாக எடை 1,400 பவுண்டு. இயக்க 15 ஆட்கள். இது விளம்பரத்துக்குச் செய்தது. ஆனால் 7 × 17, 8 × 20, 12 × 20 அங்குல காமிராக்கள் உண்மையிலேயே தொழிலுக்குப் பயன்பட்டவை. பெயரே 'பேங்க்வெட் காமிரா'. விருந்து மண்டபத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தால் அத்தனை முகத்தையும் ஒரே நீளப் படத்தில் பிடிப்பதற்காகச் செய்தது. நம் தாழ்வாரத்துப் போட்டோவுக்கு அமெரிக்கப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்லார்ஜர் நன்றாக வளர்ந்ததும், சின்ன நெகட்டிவே போதும் என்றாகிவிட்டது. விருந்துப் படம் எடுக்கிறவர்கள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஆனால் கலைக்காக எடுப்பவர்கள் விடவில்லை. எட்வர்டு வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயை எடுத்த படம் உலகப் புகழ். அது 8 × 10 நெகட்டிவ். ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலா உதயப் படமும் 8 × 10 தான். இன்னொரு கோஷ்டி பிளாட்டினம் பிரிண்ட் போடுபவர்கள். வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தில் படம் எழும் முறை இது. 1873-இல் வில்லியம் வில்லிஸ் காப்புரிமை எடுத்தார். அந்தக் காகிதத்துக்குப் புற ஊதாக் கதிர்தான் உறைக்கும், அதுவும் மந்தமாக. என்லார்ஜரில் வைத்து எடுப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவ் இருந்தே ஆக வேண்டும். டிஜிட்டலில் எடுத்து பிளாஸ்டிக் தாளில் நெகட்டிவாக அச்சடிப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள், நன்றாகவே வருகிறது. ஆனால் காமிராவிலிருந்தே நேராக வந்த நெகட்டிவ்தான் வேண்டும் என்பவரிடம் போய் வாதாடிப் பயனில்லை. பில்டர் காபி குடிப்பவரிடம் இன்ஸ்டன்ட் காபியின் நியாயத்தைப் பேசுவதுபோல ஆகிவிடும்.

ஆக, வாங்குவதற்கு ஆள் இருந்தார்கள். உலகம் பூராவும் சில ஆயிரம் பேர். அதில் 8 × 10-க்கு மேல் போகிறவர்கள் இன்னும் குறைவு. இங்கேதான் எம்.ஓ.க்யூ. வருகிறது.

பிலிம் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பத்தியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்கள் பாடத்திலும் வரும். ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான பிளாஸ்டிக் சுருள், ரோலர்களின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஜெலட்டினும் வெள்ளி உப்பும் கலந்த எமல்ஷன், பல அடுக்குகளாக ஒரே நேரத்தில், மைக்ரான் கணக்கில் சீராகப் படிய வேண்டும். படிந்ததும் குளிர்வித்து உறைய வைக்க வேண்டும், பிறகு காய வைக்க வேண்டும். எல்லாமே கும்மிருட்டில். இந்த இயந்திரம் நின்று நின்று ஓடாது. ஓடத் தொடங்கிப் பூச்சு நிலைப்படும் வரை வருவதெல்லாம் கழிவு. ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கழுவல், மறுபடி சரிபார்ப்பு, மறுபடி கழிவு. நம்ம வீட்டு கிரைண்டரில் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு அரைத்துப் பாருங்கள், கல்லில் ஒட்டியது போக ஒரு தோசைக்குக்கூட மாவு தேறாது. அதே கணக்குதான்.

சரி, 35 மி.மீ. பிலிமுக்குப் பூசிய சுருளிலேயே கொஞ்சம் பெரிதாக வெட்டிக் கொடுத்துவிடக் கூடாதா? முடியாது. 35 மி.மீ. பிலிமின் அடித்தாள் சுமார் 0.125 மி.மீ. கனமுள்ள அசிட்டேட். பிரவுனி காமிராக் காலத்திலிருந்து வரும் 120 ரோலுக்கு இன்னும் மெலிசு. தாளாக ஹோல்டரில் நிமிர்ந்து நிற்க வேண்டிய ஷீட் பிலிமுக்கோ சுமார் 0.18 மி.மீ. கனமுள்ள பாலியஸ்டர் வேண்டும். ஆக, ஷீட் பிலிமுக்கென்று தனியாக ஒரு ஓட்டம் ஓட்டியாக வேண்டும்.

சும்மா கணக்குக்காக, சுருள் 1 மீட்டர் அகலம், 1,000 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 8 × 10 அங்குலத் தாள் அகலவாட்டில் நான்குதான் அடங்கும், மீதி விளிம்பு குப்பைக்கு. நீளவாட்டில் 3,937. மொத்தம் 15,700 சொச்சம் தாள். 25 தாள் பெட்டியென்றால் 630 பெட்டி சுமார். அதே சுருளை 12 × 20-ஆக வெட்டினால் 5,900 தாள். 12 × 20 காமிராவைத் தோளில் சுமந்து மலையேறும் ஒரு மனிதர் வருஷத்துக்கு நூறு தாள் எடுத்தாலே பெரிய விஷயம். அவர் ஒருவருக்காகப் பூசினால் 59 வருஷத்துக்கு வரும். பிலிமுக்கோ அத்தனை ஆயுசு கிடையாது, மனிதருக்கும் உத்தரவாதமில்லை! ஆனால் அப்படிப்பட்ட 59 பேரை ஒரே நேரத்தில் பிடித்துவிட்டால், ஒரே வருஷத்தில் தீர்ந்துவிடும்.

வழக்கமான அளவுகளான 4 × 5-க்கும் 8 × 10-க்கும் எப்படியும் பூசுகிறார்கள், அதிலிருந்து வெட்டலாம் என்பது உண்மைதான். அப்போதும் பிரச்சினை தீராது. ஒவ்வொரு அளவுக்கும் வெட்டும் இயந்திரத்தை மாற்றி அமைக்க வேண்டும், தனிப் பெட்டி வேண்டும், ஒளி புகாத உறை வேண்டும். வெட்டுவதும் அடுக்குவதும் இருட்டிலேயே நடக்க வேண்டும். இதை வாரம் ஒரு பெட்டி என்று செய்து கொடுக்க எந்தத் தொழிற்சாலையாலும் கட்டுப்படியாகாது. வருஷத்தில் ஒரு முறை மொத்தமாகச் செய்யலாம்.

இந்த யோசனை பிடிபட்டதற்குப் பின்னால் ஒரு பெரிய பயம் இருக்கிறது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு கம்பெனியை நம் ஸ்டூடியோக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆல்ஃபிரெட் ஹார்மன் என்பவர் 1879-இல் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து இல்ஃபோர்டு என்ற ஊரில் கண்ணாடிப் பிளேட் செய்ய ஆரம்பித்ததுதான் அந்தக் கம்பெனி. கறுப்பு வெள்ளைப் பிலிமில் எச்.பி.5, எஃப்.பி.4 என்றால் இன்றைக்கும் மரியாதை. அப்படிப்பட்ட கம்பெனி 2004 ஆகஸ்டில் ரிசீவர் கைக்குப் போய்விட்டது. டிஜிட்டல் வேகம் அப்படி. உலகெங்கும் பெரிய காமிராக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. 2005 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியின் மேலாளர்கள் ஆறு பேர் சேர்ந்து இங்கிலாந்துத் தொழிற்சாலையை வாங்கினார்கள். பழைய முதலாளியின் பெயரையே வைத்து ஹார்மன் டெக்னாலஜி என்று ஆக்கினார்கள். செஷயர் மாவட்டத்து மாபர்லியில் இன்றும் ஓடுகிறது. ஸ்விட்சர்லாந்தில் இருந்த மற்றொரு பாதி வேறு கைக்குப் போய், 2013 டிசம்பரில் திவாலானது. ஒரே பெயர், ஒரே பாரம்பரியம், ஒரு பாதி பிழைத்தது, ஒரு பாதி போனது.

பிழைத்த பாதிதான் பெரிய காமிராக்காரர்களுக்கு வருடாந்தர ஆர்டர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வருஷத்தில் சில வாரங்கள், பெரும்பாலும் நம் கோடை சமயத்தில், ஒரு பட்டியல் வெளியாகும். எச்.பி.5, எஃப்.பி.4 போன்ற ரகங்களில் இன்னின்ன அளவுகள் என்று இருக்கும். 7 × 17 உண்டு, 12 × 20 உண்டு, 20 × 24 வரை உண்டு. அந்தச் சில வாரத்துக்குள் உங்கள் ஊர் டீலர் மூலம் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். எல்லா டீலர்களின் ஆர்டரையும் சேர்த்து, வெட்டி, பெட்டி போட்டு, சில மாதம் கழித்து அனுப்புவார்கள். அரியர் பரீட்சைக்கு விண்ணப்பம் கட்டுகிற மாதிரி. கடைசித் தேதி என்றால் கடைசித் தேதிதான்.

அமெரிக்காவில் கோடாக்கின் கதை வேறு மாதிரி போனது. அது பெரிய யானை. சின்ன ஆர்டரைப் பார்க்கவே அதற்குக் கண் கிடையாது. ஷீட் பிலிமில் ஒவ்வொரு அளவாகப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார்கள். அப்போது போட்டோகிராபர்கள் தங்களுக்குள் ஆள் திரட்டினார்கள். டி-மேக்ஸ் 400 பெரிய அளவில் வேண்டும், நீ எத்தனை பெட்டி எடுப்பாய், நான் எத்தனை, உன் நண்பர் எத்தனை என்று எண்ணிக்கை சேர்த்தார்கள். பிறகு அரிசோனா மாநிலம் மெசா நகரில் காமிரா செய்யும் கீத் கேன்ஹம் இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் செய்வது பெரிய மரக் காமிராக்கள். பிலிம் நின்றுபோனால் காமிராவை யார் வாங்குவார்கள்? ஆகவே சொந்த நலனும் உண்டு, அதில் தவறே இல்லை. ஒவ்வொரு ரகத்துக்கும் அளவுக்கும் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பார். கோடாக் கேட்கும் குறைந்தபட்ச அளவு சேர்ந்ததும் ஆர்டர் போடுவார். சேரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த ஆள் திரட்டும் வேலையை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். 'பிலிமைக் காப்பாற்றுங்கள்' என்று ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனுவைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், அங்கே உள்ளவர் மரியாதையாகப் பதில் எழுதுவார். அவ்வளவுதான். ஐம்பது பேர் முன்பணம் கட்டிய பட்டியலை அனுப்பினால் உற்பத்தித் திட்டத்தில் ஒரு தேதி கிடைக்கும். ஆனால் அந்த ஐம்பது பேரைச் சேர்ப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். வாய் நிறைய 'நான் பத்துப் பெட்டி' என்றவர் பணம் கேட்கும்போது இரண்டு பெட்டிக்கு இறங்குவார். ஒருவருக்கு 8 × 20 வேண்டும், இன்னொருவர் 7 × 17 இல்லாவிட்டால் வர மாட்டேன் என்பார். ஒருவர் 'போன தடவை வாங்கினதே பிரிஜ்ஜில் இருக்கு' என்பார். (இது உண்மையான சிக்கல். பிலிம் உறைபெட்டியில் பல வருஷம் கெடாமல் இருக்கும். கிடைக்கும்போது மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுவார்கள். அதனாலேயே அடுத்த வருஷம் ஆர்டர் குறையும். ஆர்டர் குறைந்தால் பிலிம் நின்றுவிடுமோ என்று பயந்து இன்னும் வாங்கி அடுக்குவார்கள்!) இத்தனையையும் நோட்டுப் போட்டு எழுதி, பணம் வாங்கி, ரசீது கொடுத்து, திட்டும் வாங்கிக்கொள்ள யாராவது ஒருவர் முன்வர வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்த இடத்தில் பிலிம் வந்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. பெரிய தாள் வெட்டிக் கொடுக்கக் கோடாக்கிடம் பிலிம் பூசும் ஆலை ஒன்று உயிரோடு இருக்க வேண்டுமே? 2012 ஜனவரியில் கோடாக்கே திவால் மனு கொடுத்தது. ராச்செஸ்டர் நகரில் இருக்கும் அதன் பூச்சு ஆலை நின்றுவிடாமல் இருந்ததற்குக் காரணம் சினிமா. கோடாக்கின் சினிமா பிலிம் விற்பனை 2006-இல் இருந்ததோடு பார்த்தால் 2014-க்குள் 96 சதவீதம் விழுந்துவிட்டது. அந்த வருஷம் கிறிஸ்டோபர் நோலன், குவென்டின் டாரன்டினோ, ஜே.ஜே. ஆப்ராம்ஸ் போன்ற டைரக்டர்கள் ஸ்டூடியோ முதலாளிகளைப் பிடித்து உலுக்கினார்கள். 2015 பிப்ரவரியில் ஆறு ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தொடர்ந்து பிலிம் வாங்குவதாகக் கோடாக்குடன் ஒப்பந்தம் போட்டன. படம் எடுக்கிறார்களோ இல்லையோ, வாங்குவோம் என்ற உறுதி. பெட்டிக் கணக்கில் நடந்ததுதான் இங்கே கோடிக் கணக்கில் நடந்தது.

நோலன் ரசிகர்கள் நம் ஹாஸ்டலில் நிறையப் பேர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் வந்த 'ஓப்பன்ஹைமர்' படத்தில் கறுப்பு வெள்ளைக் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். ஐமாக்ஸ் காமிராவுக்கான 65 மி.மீ. அகலத்தில் கறுப்பு வெள்ளைப் பிலிம் அதற்கு முன் கிடையாது. அந்தப் படத்துக்காகவே கோடாக் தனியாகச் செய்து கொடுத்தது. ஒரு டைரக்டர் கேட்டார், ஆலை ஓடியது. அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூடியோவின் பணம் நின்றது. மலையடிவாரத்தில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு இன்னும் ஐம்பது பேர் வேண்டும்.

எல்லா முயற்சியும் ஜெயித்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். போலராய்டு கம்பெனியில் 1976-இல் 20 × 24 அங்குல உடனடிப் படம் எடுக்கும் ராட்சசக் காமிரா செய்தார்கள். எடை 235 பவுண்டு. 2008-இல் கம்பெனி பிலிமை நிறுத்துவதாக அறிவித்ததும், அந்தக் காமிராவை வருஷக்கணக்காக இயக்கிவந்த ஜான் ராய்ட்டரும் கூட்டாளிகளும் மிச்சமிருந்த பிலிமை வாங்கி வைத்து ஓட்டினார்கள். அது வாங்கி வைத்ததுதான், புதிதாகப் பூசியது இல்லை. தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்த மாதிரி. கிணறு இல்லை.

போலராய்டிலேயே டைப் 55 என்று ஒன்று 1961-லிருந்து இருந்தது. 4 × 5 அங்குலத்தில் ஒரே சமயத்தில் பிரிண்டும் கிடைக்கும், நெகட்டிவும் கிடைக்கும். அதை மீண்டும் கொண்டுவர அமெரிக்காவில் பாப் க்ரௌலி என்பவர் நியூ55 என்ற கம்பெனியை நடத்தினார். 2014-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியதில் நான்கு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பிலிமும் வந்தது. ஆனால் கையால் ஒட்டி மடித்துச் செய்ய வேண்டிய வேலை அதிகம், விலை இறங்கவில்லை. 2017 முடிவில் மூடிவிட்டார்கள். ஆள் திரட்டுவதில் குறையில்லை. ஒரு தடவை திரட்டியது போதவில்லை, அவ்வளவுதான். இல்ஃபோர்டு ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததே அது வருஷா வருஷம் வருவதுதான். ஆரவாரம் ஒன்றும் இல்லை, தீபாவளிச் சீட்டு மாதிரி நடக்கிறது.

காகிதத்திலும் இதே பாடு. கோடாக்கின் அஸோ என்ற காண்டாக்ட் பிரிண்ட் காகிதத்தைப் பெரிய நெகட்டிவ்காரர்கள் தங்கமாக மதித்தார்கள். 2005-இல் கோடாக் கறுப்பு வெள்ளைக் காகிதத்தையே நிறுத்தியது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த மைக்கேல் ஸ்மித், பாலா சாம்லி என்ற போட்டோகிராபர் தம்பதி சும்மா இருக்கவில்லை. அதே குணமுள்ள காகிதத்தை வேறிடத்தில் சொல்லிச் செய்ய வைத்து லோடிமா என்று பெயரிட்டார்கள். அமிடால் என்பது அவர்கள் விரும்பிய டெவலப்பர் ரசாயனம். அதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் லோடிமா வரும். நம்ம ஊர் பஸ் முதலாளிகள் பிள்ளைகள் பெயரைச் சேர்த்து வைப்பதைவிட நல்ல யோசனை!

இந்த இடத்தில் ஊட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நமக்கும் ஒரு ஆலை இருந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-இல் தொடங்கி, பிரான்சின் போஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்திக்கு வந்தது. பிலிம் பூசத் தூசியில்லாத காற்றும் குளிரும் வேண்டும் என்பதால் நீலகிரி. 'இந்து' என்ற பெயரில் போட்டோ பிலிம், காகிதம், எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம் எல்லாம் வந்தன. இந்தக் கட்டுரையைப் படிக்கும் சீனியர்கள் பலரது நெஞ்சு எக்ஸ்ரே அந்தப் பிலிமில்தான் எடுத்திருக்கும். 1990-களில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. 2014-இல் மத்திய அமைச்சரவை ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதோடு கதை முடிந்தது. இங்கிலாந்தில் ஆறு மேலாளர்கள் செய்ததை இங்கே ஏன் செய்யவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த ஒப்பீடு நியாயமில்லை. ஊட்டி ஆலை நம்பியிருந்தது ஆஸ்பத்திரிகளையும் தியேட்டர் பிரிண்ட்களையும். அவர்கள் டிஜிட்டலுக்குப் போனதும் ஒரே நாளில் போய்விட்டார்கள். எக்ஸ்ரே பிலிமை ஆசையாக வாங்கிப் பிரிஜ்ஜில் அடுக்குகிற டாக்டர் எவரும் இல்லை. இல்ஃபோர்டுக்கு மிஞ்சியது பிடிவாதக்காரர்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் போக மாட்டார்கள்.

கடைசியாக, வீட்டுப் பரணைக் கிளறப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். நம் ஊர் ஸ்டூடியோக்கள் மூடியபோது ஸ்டாண்ட் காமிராக்கள் பல வீடுகளில் தூங்கப் போய்விட்டன. தாத்தாவோ மாமாவோ ஸ்டூடியோ வைத்திருந்தால் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இல்ஃபோர்டின் வருடாந்தரப் பட்டியலில் 12 × 20 மட்டுமல்லாமல் நம் ஸ்டூடியோக்காரர்களின் ஃபுல் பிளேட், ஹாஃப் பிளேட், குவார்ட்டர் பிளேட் அளவுகளும் உண்டு. ஃபுல் பிளேட் 6½ × 8½, ஹாஃப் பிளேட் 4¾ × 6½, குவார்ட்டர் 3¼ × 4¼ அங்குலம். ஆர்டர் கொடுக்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். இருட்டறையில் காமிராவுக்குள் டார்ச் அடித்து, துருத்தியின் மடிப்பு மூலைகளில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது ஹோல்டர். பழைய ஹோல்டர்கள் கண்ணாடிப் பிளேட்டுக்காகச் செய்தவை. பிலிம் மெலிசு, அதில் நிற்காது. கண்ணாடியின் கனத்துக்கு ஈடாக, பிலிமைச் செருகிவைக்கும் மெல்லிய தகட்டு உறை வேண்டும். பெட்டியின் அடியில் துருப்பிடித்துக் கிடக்கும், குப்பை என்று போட்டுவிடாதீர்கள்.

(கட்டுரையாளர் இயந்திரவியல் துறை, 2007–2011 பேட்ச்)